கறிவேப்பிலைக்கு ஊற்றிய பால்

பால் பாட்டிலின் ரப்பர் காம்பை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் ஒரு வாடை வரும். மடித்து வைத்த மழைக்கோட்டை வெகுநாள் கழித்துப் பிரித்தது போல இருக்கும். சில நாளாக நம் சமையலறை முழுக்க அந்த வாடைதான். வித்யா வந்திருக்கிறாள். உங்கள் பெண்ணுக்குப் பெண் பிறந்திருக்கிறது. தாயார் நீங்கள் போய்விட்டாலும் பிறந்தகம் பிறந்தகம்தான், பிரசவம் இந்தக் கரமனையில்தான் என்று பிடிவாதம் பிடித்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நம் பின்னறைக்கு வந்துவிட்டாள். மீனுவைப் பெற்ற பிறகு என்னைப் படுக்கப்போட்ட அதே அறை. கட்டிலும் அதேதான்.

அவளுக்கும் சிசேரியன். அவளுக்கும் பால் கொஞ்சமாகத்தான் ஊறுகிறது. பம்பை வைத்து எடுத்துப் பாட்டிலில் ஊற்றி, "மன்னி, இதை ஃப்ரிட்ஜுல வெச்சுடறேளா?" என்று என்னிடம் நீட்டுகிறாள். வாங்கி வைக்கிறேன். எங்கே வைக்கிறேன் தெரியுமா? மேல் தட்டில். பெருமாளுக்கென்று வெள்ளிக் கிண்ணத்தில் பால் எடுத்துத் தனியாக வைப்பீர்களே, அந்தக் கிண்ணத்தை ஒட்டினாற்போல வைக்கிறேன். பெருமாள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டுமாம். நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. இந்தத் தெருவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் கைமணம், உங்கள் ஆசாரம், உங்கள் பொறுமை. பொறுமை என்ற சொல்லைக் கேட்டபோது மட்டும் எனக்குப் புரையேறியது. எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். நான் ஒருத்தி பாக்கி.

உயிரோடு இருந்தவரை உங்களை அம்மா என்றே கூப்பிட்டேன். இங்கே அப்படிக் கூப்பிடப் போவதில்லை. எனக்கென்று ஒரு அம்மா இருந்தாள். என் கல்யாணத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். அவளையும் உங்களையும் ஒரே சொல்லால் கூப்பிடுவது அவளுக்கு நான் செய்கிற அவமரியாதை. அவள் இருந்திருந்தால் என் பிரசவம் தென்காசியில் நடந்திருக்கும், இந்தக் கடிதத்துக்கும் வேலை இருந்திருக்காது.

அப்பா அங்கே ஒண்டியாக, மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பச்சை உடம்போடு அங்கே போய் என்ன செய்வது? "அவ எங்கயும் போகவேண்டாம். பின்னே நான் எதுக்கு இருக்கேன்?" என்று நீங்கள் சொன்னீர்கள். தெருவே உங்களை மெச்சியது. தாயில்லாப் பெண்ணைத் தாயாகத் தாங்குகிறாளே என்றார்கள். நானும்தான் மெச்சினேன். அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து, என் மாமியார் மாதிரி யாருக்குக் கிடைக்கும் என்று பெருமை அடித்துக்கொண்டேன். அப்பா அழுதுவிட்டார்.

மீனு பிறந்து எடை இறங்கிக்கொண்டே வந்தது. எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் இறங்குமாம், இவளுக்குக் கொஞ்சம் கூடுதல். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். முதலில் மார்பில் விட வேண்டும், பிறகு பம்ப் செய்த பாலைக் கொடுக்க வேண்டும், அதுவும் போதாவிட்டால் டின் பால். "விஷமிக்கண்டா மோளே. குஞ்ஞின்டெ வயிறு நிறயணும், அத்ரே உள்ளூ" என்று சிரித்தார். வருத்தப்படாதே, குழந்தையின் வயிறு நிறைய வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்று அர்த்தம். எனக்கும் அவ்வளவுதான் விஷயம் என்று பட்டது. எவ்வளவு முட்டாள் நான். நம் வீட்டில் எந்த விஷயம்தான் அவ்வளவில் முடிந்திருக்கிறது?

பிரசவத் தீட்டு. புண்யாஹம் செய்து தீட்டுக் கழியும்வரை பெற்றவள் சமையலறை வாசற்படியை மிதிக்கக் கூடாது. எனக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, நான் தொட்ட சொம்பைப் புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் உள்ளே எடுப்பீர்கள். அதெல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு, எனக்கு அதில் சண்டை இல்லை. படுத்துக் கிடப்பவளுக்கு சமையலறை எதற்கு? ஆனால் பம்ப் செய்த பாலை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்றபோது உங்கள் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

"கறந்த பாலா?"

"டாக்டர் சொல்லியிருக்கா அம்மா. வெளில வெச்சா கெட்டுப்போயிடும்."

"இந்தாத்துல இதுவரைக்கும் மாட்டைத்தான் கறந்திருக்கு" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். உங்கள் பிள்ளையும் சிரித்தார். தையல் வலிக்கும் என்று நான் சிரிக்கவில்லை என நினைத்திருப்பார்.

அவரை நான் விரட்டித்தான் சாலை பஜாருக்கு அனுப்பினேன். கடைத்தெருவெல்லாம் சுற்றிப் பாட்டில், அதைக் கழுவ பிரஷ், ஒரு டின் பால் பவுடர் எல்லாம் வாங்கி வந்தார். அந்த டின்னை நீங்கள் கையால் தொடவில்லை. ஒரு பழந்துணியால் பிடித்துக் கொண்டுபோய்க் குளியலறை மாடத்தில் பினாயில் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். "டின்னுல இருக்கறதை எல்லாம் கொழந்தைக்குக் குடுத்தா அது கொழந்தையா இருக்காது" என்று ஒரு வசனம். உங்களிடம் வசனத்துக்கா பஞ்சம்? "மனசுல பாசம் இருந்தா மார்ல பால் ஊறும்" என்பது இன்னொன்று. அதை என்னிடம் நேராகச் சொல்ல மாட்டீர்கள். பார்க்க வருகிற மாமிகளிடம், என் அறைக் கதவு திறந்திருக்கும்போது சொல்வீர்கள்.

பிறகு திடீரென்று நீங்கள் இளகினீர்கள். மறுநாள் காலை பின்னறைக்கு வந்து கையை நீட்டினீர்கள். "அந்தக் குப்பியை இங்க தா. நானே வெச்சு, நானே சுடவெச்சுக் குடுக்கறேன். நீ பச்சை ஒடம்புக்காரி, ஒறங்கு." ஆசாரத்தைப் பேத்திக்காக விட்டுக்கொடுக்கிறாளே என்று நினைத்தேன். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அந்தப் பம்ப் என்னை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. கையால் அழுத்துகிற வகை. நிமிர்ந்து உட்கார்ந்தால் தையல் இழுக்கும், குனிந்தால் பால் வராது. காம்பு வெடித்து, சில சமயம் பாலில் ரத்தம் கீற்றாகக் கலந்து வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவேன். பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை சேர்ந்தால் அன்று எனக்குத் தீபாவளி. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன். இளமஞ்சளாக இருக்கும். உங்களிடம் கொடுக்கும்போது, "ஒரு சொட்டு வீணாக்காம குடுங்கோம்மா" என்று கெஞ்சுவேன். "நான் என்ன வீணாக்கறவளா?" என்பீர்கள். வாஸ்தவம், நீங்கள் எதையும் வீணாக்குகிறவர் இல்லை. கீரைத்தண்டைக்கூட மோர்க்கூட்டாக்கி விடுவீர்கள்.

மீனு அழுவதை நிறுத்தினாள். எப்போதும் தூக்கம். மார்பில் விட்டால் இரண்டு வாய் சப்பிவிட்டு அப்படியே கண் சொருகிவிடுவாள். அடுத்தாத்து மாமி எட்டிப் பார்த்து, "ஆத்துல கொழந்தை இருக்கறதே தெரியலையே!" என்று வியந்தாள். "சமத்துக்குட்டி. பசின்னு ஒரு அழுகை உண்டோ?" என்றீர்கள். நான் மட்டும் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நனைவது குறைந்திருந்தது. கேட்டால், "சூடுகாலமோன்னோ, வேர்வையாப் போயிடும். சாரமில்லை, ஒண்ணும் ஆகாது" என்று பதில். பிள்ளை பெற்று வளர்த்தவர் சொல்கிறார், எனக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பின்னறை ஜன்னல் கிணற்றடியைப் பார்த்து இருக்கிறது. அன்று முற்பகல். நல்ல வெயில். நான் பாலெடுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பு வலிக்கிறதே என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தீர்கள். கையில் என் பாட்டில். கழுவ வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். இவ்வளவு சீக்கிரம் குடித்துவிட்டாளா என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. நீங்கள் கறிவேப்பிலை மரத்தடிக்குப் போனீர்கள். புடவையைச் சற்று உயர்த்திக்கொண்டு குனிந்து, பாட்டிலைக் கவிழ்த்தீர்கள். வேகமாகக்கூட இல்லை. செடிக்குத் தண்ணீர் விடுகிற நிதானம். மண் அதை உடனே குடித்துவிட்டது. பிறகு குழாயடியில் பாட்டிலை அலம்பி, கல்மேல் வைத்திருந்த சொம்பிலிருந்து வேறு எதையோ அதில் ஊற்றி, காம்பைத் திருகி மூடினீர்கள்.

எனக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. புரிந்தபோது கால் தானாக நடந்தது. சுற்றிக்கொண்டு போகத் தோன்றவில்லை. சமையலறை வழியாகவே வந்தேன். நீங்களும் பின்கதவு வழியாக அங்கே நுழைந்தீர்கள். உங்கள் கண்ணில் முதலில் பட்டது என் முகமா? இல்லை, வாசற்படிக்கு உள்ளே இருந்த என் பாதம்.

"அய்யய்யோ, உள்ள வந்துட்டயே! அடுப்புல சாதம் இருக்குடி!"

"ஏன் கொட்டினேள்?"

"எது?"

"என் பாலை. மரத்துல கொட்டினேளே, பார்த்தேன்."

நீங்கள் பதறவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. "பின்னே? தீட்டுக்காரி கறந்ததைப் பெருமாள் பாலோட வெக்கச் சொல்றயா? மிதிபடாத எடமாப் பாத்து, கறிவேப்பிலை மரத்து மூட்டுலதான் விடறேன். தோஷமொண்ணும் கெடையாது, பயப்படாதே."

"அப்போ குழந்தைக்கு என்ன குடுக்கறேள்?"

"கல்கண்டுத் தண்ணி. எம் பிள்ளையும் அதைக் குடிச்சுட்டுத்தான் கெடந்தான். பாரேன், அவனுக்கு என்ன கொறை?"

பார்த்தேன். உங்கள் பிள்ளை கையில் பேப்பரோடு கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, சொல் ஒன்றும் வரவில்லை. என்ன குறை என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

பாட்டில் புகட்ட என்று நீங்கள் தூக்கிக்கொண்டு போகிற கூடத்துத் தொட்டிலில் மீனு கிடந்தாள். கூடத்து வெளிச்சத்தில் அவளை நான் பார்த்தே பல நாளாகியிருந்தது. பின்னறை எப்போதும் அரையிருட்டு. மஞ்சளரைத்துப் பூசியது போல முகம். கையைத் தூக்கி விட்டேன், தொப்பென்று விழுந்தது. நான் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. ஆட்டோவில் ஏறும்போது குழந்தையை என் கையிலிருந்து நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். தையல் போட்டவள் தூக்கக் கூடாது என்று சொன்னீர்கள். தெருவில் நின்ற அத்தனை பேரும் பார்த்தது அதைத்தான். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் பறக்கிற பாட்டியை.

டாக்டரம்மா குழந்தையைப் பார்த்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "இது அசுகமல்ல மோளே. பட்டிணியாணு" என்றார். நோய் இல்லை, பட்டினி. மலையாளத்திலும் தமிழிலும் அந்த வார்த்தை ஒன்றுதான், தப்பிக்க வழியில்லை. பம்ப் செய்த பால் எங்கே போயிற்று, டின் பால் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "அவள்க்குப் பாலே இல்ல டாக்டரே. டின் வாங்கிச்சு வெச்சிட்டுண்டு. ஞான் எத்ர பறஞ்ஞு! கேக்கண்டே?" அவளுக்குப் பாலே இல்லை, டின் வாங்கியும் வைத்திருக்கிறது, நான் எவ்வளவோ சொன்னேன், கேட்டால்தானே என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது.

உங்கள் பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "அம்மா வேணும்னு பண்ணலை. இங்க சொன்னா போலீஸ் கேஸ் வரைக்கும் போயிடும். அப்பறம் பேசிக்கலாம்" என்று காதோடு சொன்னார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "படிச்ச குட்டியல்லே நீ?" என்றார். படித்த பெண்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

மஞ்சள் இறங்க நீல விளக்கின் கீழே, கண்ணைக் கட்டி, ஊசி குத்திய கையோடு மீனுவைக் கிடத்தியிருந்தார்கள். நர்ஸ் பாலாடையில் டின் பாலைக் கரைத்து உதட்டோரம் சாய்த்தாள். குழந்தை முதலில் வாயைத் திறக்கவில்லை. ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் அது அந்தப் பாலாடையைக் கவ்வியதே, அந்தக் கவ்வலை நான் எந்த ஜென்மத்தில் மறப்பேன்? பசி என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் அதற்கு நினைவு வந்தது போல. நர்ஸ் என் பக்கம் திரும்பி, அம்மாவின் பாலும் கொஞ்சம் கிடைத்தால் நல்லது என்றாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து பம்பை வைத்தேன். காற்றுதான் வந்தது. மறுநாள் வைத்தேன். அதற்கு மறுநாளும். மார்பு கல்லாக இருந்து, பிறகு துணியாகத் தொங்கிவிட்டது. பெற்றவள் மனசு அதிர்ந்தால் பால் அப்படியே நின்றுபோவது உண்டு என்று நர்ஸ் ஆறுதலாகச் சொன்னாள்.

இவளுக்குப் பாலே இல்லை என்று நீங்கள் சொன்னபோது அது பொய். சில நாளில் என் உடம்பே அதை உண்மையாக்கிக் கொடுத்துவிட்டது. அந்த வகையில் நான் நல்ல மருமகள்தான்.

மீனு பிழைத்தாள். தேறினாள். வீட்டுக்கு வந்தபோது பினாயிலுக்குப் பக்கத்தில் இருந்த டின் காப்பிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்துக்கு வந்திருந்தது. நீங்களே வைத்திருந்தீர்கள். நீங்களே கரைத்தீர்கள். வாசல் வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க, மடியில் கிடத்திப் புகட்டினீர்கள். "அவளுக்கு ஊறலை, பாவம். என்ன பண்றது? கொழந்தை காஞ்சு போச்சு. நான்தான் தூக்கிண்டு ஓடினேன்." எத்தனை முறை கேட்டிருப்பேன்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே நீங்கள் உடைத்த குடத்தை என் தலையில் வைத்து ஊர்வலமே விட்டீர்கள். மாமிகள் என்னைப் பார்க்க வரும்போது வெந்தயம், பூண்டு, சுறாப்புட்டுக்குப் பதிலாக என்ன சாப்பிடலாம் என்று யோசனை எல்லாம் கொண்டு வந்தார்கள். ஒருத்தி என் மார்பையே உற்றுப் பார்த்துவிட்டு, "சிலருக்கு வாய்க்கறதில்லை" என்று பெருமூச்சு விட்டாள்.

கறிவேப்பிலை மரம் அந்த வருஷம் தழைத்த தழைப்பு! தெருவில் எல்லாரும் வந்து ஒடித்துக்கொண்டு போவார்கள். என்ன வாசனை, என்ன வாசனை என்பார்கள். "எங் கைராசி" என்பீர்கள். ரசத்தில் தாளித்துப் போட்டு எனக்கும் ஊற்றுவீர்கள். நான் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குவேன். கறிவேப்பிலையைத் தின்னாததால்தான் தலைமுடி கொட்டுகிறது என்று நீங்கள் கடிந்துகொண்டது உண்டு.

ஒரே ஒரு தடவை உங்களிடம் கேட்டேன். மீனு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கட்டை எடுத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு அந்தப் பாலை ஏன் கொட்டினேள்னு ஒரு நாளாவது உங்களுக்கு வருத்தம் உண்டா?"

"எந்தப் பாலை?"

"மீனுக்கு நான் எடுத்து வெச்சதை. கறிவேப்பிலைக்கு ஊத்தினேளே."

கீரையிலிருந்து தலை நிமிர்ந்தீர்கள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள், காய்ச்சலா என்று. "நீ சொப்பனம் கண்டிருப்பே கொழந்தே. பெத்த ஒடம்பு, மருந்து மயக்கம் வேற. ஒனக்குத்தான் பாலே இல்லையே, நான் எதைக் கொட்டறது?" என்று மெதுவாகச் சொன்னீர்கள். குரலில் அத்தனை இரக்கம்.

நீங்கள் பொய் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பொய் சொல்கிறவர்கள் முகத்தில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும். உங்கள் முகத்தில் ஒன்றும் இல்லை. ஊருக்குச் சொல்லிச் சொல்லி நீங்களே அதை நம்பிவிட்டிருந்தீர்கள். பொய்க்காரி என்றால் சண்டை போடலாம், காலில் விழ வைக்கலாம், என்றைக்காவது மன்னித்தும் தொலைக்கலாம். செய்ததே நினைவில்லாதவரை நான் எதற்கென்று மன்னிப்பது? கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு எழுந்து போனேன்.

மீனுவிடம் நீங்கள் உயிராக இருந்தீர்கள். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நான் உங்களைப் போலாகிவிடுவேன். கல்லாற்றுக்குச் சுற்றுலா போயிருந்தபோது எல்லோருக்கும் கட்டிக்கொண்டு போன தயிர்சாதம் மீனுவுக்குப் போதவில்லை. உங்கள் பங்கை அவளுக்கு ஊட்டிவிட்டு, எனக்குப் பசியே இல்லை என்று வெறும் தண்ணீரைக் குடித்தீர்கள். பாறையில் உட்கார்ந்து அவளுக்கு உருட்டி உருட்டிக் கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கைதானே அது என்று இருந்தது. அன்பு இல்லாதவர் என்றாலாவது எனக்கு எல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குப் பாட்டிதான் பால் தந்து வளர்த்தா, அல்லே அம்மா?" என்று மீனு கேட்பாள். அவளுக்கு நீங்கள் சொன்ன கதைகளிலேயே ரொம்பப் பிடித்தது அது. ஆமாம் என்பேன். என் குழந்தையிடம் அதற்கு ஆமாம் சொல்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எழுதிக் காட்ட என்னால் முடியாது.

நீங்கள் போனதும் சுலபமாகத்தான். காலையில் காப்பி குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சற்றுப் படுக்கிறேன் என்று படுத்தவர்தான். புண்யசாலி, நல்ல சாவு என்றார்கள். பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது வித்யா தேம்பித் தேம்பி அழுதாள். மீனு பிறந்த சமயம் அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் போனில் சொன்னதுதான். "ஒரு உயிரையே காப்பாத்தின கை" என்று உங்கள் படத்தைப் பார்த்துச் சொன்னாள். மாமிகள் தலையை ஆட்டினார்கள். உங்கள் பிள்ளை என்னைப் பார்க்காமல் விசிறியை எடுத்து வீசிக்கொண்டார். மறுநாள் காலையில் ஆளைக் கூப்பிட்டுக் கறிவேப்பிலை மரத்தை வேரோடு வெட்டச் சொன்னேன். கிணற்றுச் சுவரில் வேர் ஏறுகிறது என்று காரணம் சொன்னேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

இப்போது வித்யாவின் குழந்தை. அதன் எடையும் இறங்கித்தான் இருந்தது. அவளுக்கும் டாக்டர் அதையேதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். பம்ப் செய்யும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறாள், நெற்றியில் வேர்க்கிறது. பாட்டிலை என் கையில் தருகிறபோது அவள் கண் என் முகத்தையே பார்க்கிறது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு பெண் தன் உடம்பைப் பிழிந்து எடுத்ததை இன்னொருத்தியை நம்பிக் கொடுக்கிறபோது வருகிற பார்வை. உங்கள் பெண்ணின் பால் என் கையில் இருக்கிறது. நான் பின்கட்டுக்குப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? எனக்கு அப்படி ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். குழந்தையிடம் போனேன். வெந்நீரில் பாட்டிலை வைத்துப் பதமாக்கி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, கடைசிச் சொட்டு வரை குழந்தைக்குக் கொடுத்தேன். போதாததற்கு டின் பாலும் கொடுத்தேன். நேற்று எடை பார்த்தார்கள். ஏறியிருக்கிறது.

இன்று காலை புகட்டிக்கொண்டிருந்தபோது வித்யா கட்டிலில் சாய்ந்தபடி சொன்னாள்: "அம்மா அன்னிக்கு மீனுக்குப் பண்ணினதையே இன்னிக்கு நீங்க எம் பொண்ணுக்குப் பண்றேள் மன்னி. அம்மாவே வந்து நிக்கறாப்ல இருக்கு எனக்கு."

எல்லாம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கறிவேப்பிலை, சொம்பு, கல்கண்டுத் தண்ணீர், டாக்டரிடம் நீங்கள் துடைத்துக்கொண்ட கண். நாலு வாக்கியம் போதும். உங்களை அந்தப் படத்திலிருந்து இறக்கிவிடலாம். வித்யாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழுகையும் சிரிப்புமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லவில்லை. இரக்கப்பட்டு இல்லை. உங்கள் மேல் மரியாதையும் இல்லை. பெற்றவளின் மனசு அதிர்ந்தால் பால் நின்றுவிடும். அந்தப் பாடம் எனக்கு நீங்கள் சொல்லித் தந்தது. அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது? வித்யாவுக்கு இப்போதுதான் கொஞ்சம் கூடுதலாக ஊற ஆரம்பித்திருக்கிறது. வெந்தயக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன், பூண்டு வதக்கிக் கொடுக்கிறேன். நன்றாக ஊறட்டும். குழந்தை நன்றாகக் குடிக்கட்டும், கொழுகொழுவென்று வளரட்டும், நடக்கட்டும், பால் மறக்கட்டும். அது பால் மறந்த மறுநாள் வித்யாவை எதிரே உட்கார வைத்து ஒன்று விடாமல் சொல்வேன்.

அதுவரை அவள் உங்கள் படத்துக்குத் தினமும் பூ வைக்கட்டும். நானே தொடுத்துக் கொடுக்கிறேன்.